வெள்ளையடிப்பில் வேதியியல்

பொங்கல் விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் நாளில், மாணவர்களின் கைகளைப் பார்த்தே யார் யார் வீட்டில் வெள்ளையடித்தார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடலாம். விரல் நுனியில் வெடிப்பு, நகக்கண்ணில் வெண்மை, பியூரெட்டின் திருகைத் திருப்பும்போது ஒரு முகச்சுளிப்பு. இரண்டு மூன்று நாட்கள் ஏணியில் நின்று அவர்கள் கையாண்டது, பாடநூலில் பல பக்கங்களில் வரும் பொருள்தான். ஆயினும் அதனை வேதியியல் என்று எவரும் எண்ணுவதில்லை. "கால்சியம் ஹைட்ராக்சைடின் பயன் யாது?" என்னும் வினாவுக்கு, "வெள்ளையடிக்கப் பயன்படுகின்றது" என்று ஒரு வரி எழுதி, ஒரு மதிப்பெண் பெற்று, அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். அந்த ஒரு வரியை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரத்து வீடுகள் பலவற்றில் சுண்ணாம்பின் இடத்தை டப்பாவில் வரும் வண்ணங்கள் பிடித்துக்கொண்டன என்பது உண்மையே. எனினும் ஓட்டு வீடுகள், பழைய காரை வீடுகள், மாட்டுக் கொட்டில்கள், சுற்றுச் சுவர்கள், மொட்டை மாடிகள் ஆகியவற்றில் இன்றும் சுண்ணாம்பே ஆட்சி செய்கின்றது. போகிக்கு முந்திய சனி, ஞாயிறுகளில் சிற்றூர்த் தெருவொன்றில் நடந்து பார்த்தால் போதும். திண்ணைகளில் பானைகளும் அண்டாக்களும் குவிந்திருக்கும். வாசலில் ஏணி சாய்ந்திருக்கும். வீட்டுப் பிள்ளைகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மட்டையும் வாளியுமாக அலைவர்.

அத்தகைய ஒரு தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் ஒரே கடையில் வாங்கிய சுண்ணாம்பு. ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகு முழுவதும் வெள்ளையாகிவிடும். மற்றொரு வீட்டுச் சுவரைக் கையால் தேய்த்தாலும் ஒன்றும் ஒட்டாது. இதனைக் 'கைராசி' என்று கூறிவிடுவது நம் வழக்கம். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதல் வீட்டார் சுண்ணாம்பைக் காய வைத்தார்கள். இரண்டாம் வீட்டார் அதனைக் கல்லாக விட்டார்கள். வேற்றுமை இவ்வளவே. ஆனால் இந்த வேற்றுமையைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கல் சாம்பலாகிறது

சுண்ணாம்பின் மூலம் கடல். நத்தை, சிப்பி, கிளிஞ்சல் முதலிய உயிர்கள் கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தைக் கொண்டு தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. அந்த ஓடு கால்சியம் கார்பனேட். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக் கல்லும் இவ்வாறு வந்ததே. கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. இன்று அவ்வூர்ச் சுரங்கங்களில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கல்லோடு கல்லாகக் கிடைக்கின்றன. கடலோர மாவட்டங்களில் கிளிஞ்சலையே நேரே சுடும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் மண் கலப்பு குறைவு. ஆதலால் வெண்மை மிகுதி. கொத்தனார்கள் அதற்குத் தனி மதிப்பு அளிப்பது காரணத்தோடுதான்.

இக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுடும்போது, அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகின்றது. எஞ்சுவது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. எடைக் கணக்கில் 100 பங்கு கல்லிலிருந்து 44 பங்கு வாயு போய், 56 பங்கு சுண்ணாம்பு மிஞ்சுகின்றது. கையிலெடுத்தால் கல்லைப் போலவே தோன்றும். ஆனால் எடை மிகக் குறைவாக இருக்கும். 'நீறு' என்னும் சொல் சாம்பலையும் சுண்ணாம்பையும் ஒருங்கே குறிப்பது எத்துணைப் பொருத்தம்! இஃது எரிந்துபோன கல்லேயாகும்.

சாம்பல் கொதிக்கிறது

சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்து நீற்றும் காட்சியை அனைவரும் கண்டிருப்பீர்கள். முதலில் ஒரு சீற்றம், பிறகு கட்டிகள் வெடித்து உப்புகின்றன, நீராவி எழுகின்றது, அடுப்பில்லாமலே தொட்டி கொதிக்கின்றது. 56 பங்கு கால்சியம் ஆக்சைடு 18 பங்கு நீரை விழுங்கி 74 பங்கு கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகின்றது. தூய சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ நீறும்போது 1,100 கிலோ ஜூலுக்கும் மேற்பட்ட வெப்பம் வெளிப்படுகின்றது. ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுசெல்ல 300 கிலோ ஜூலுக்குச் சற்றுக் குறைவாகவே தேவை. ஒரு கிலோ சுண்ணாம்புக்குள் மூன்று லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் ஒளிந்துள்ளது என்பதைக் கணக்கிட்டு அறிக. 'வெறும் சுண்ணாம்புதானே' என்று குழந்தைகள் விளையாடும் இடத்தில் தொட்டியை வைப்போர் இக்கணக்கை நினைவில் வைத்தல் நன்று.

இவ்விடத்தில் சில செய்திகளை வற்புறுத்திக் கூறவேண்டும். சுண்ணாம்புக் குவியலின் மேல் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பது தவறு. குறைந்த நீர் ஒரே இடத்தில் கொதித்து, சுடுசுண்ணாம்பை முகத்தில் தெறிக்கும். தொட்டியில் வேண்டிய நீரை முதலில் நிரப்பி, கட்டிகளைச் சிறிது சிறிதாக இட்டு, நீண்ட கோலால் கிளற வேண்டும். பிளாஸ்டிக் வாளி அவ்வெப்பத்தில் இளகி நெளியும். அலுமினிய அண்டா அதனினும் தீது; காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். பழைய மண் தொட்டியோ இரும்புப் பீப்பாயோ ஏற்றது. நம் பாட்டிமார் மண் தொட்டியைத் தேர்ந்தது சிக்கனத்துக்காக மட்டும் அன்று.

நீற்றிய சுண்ணாம்பு நீரில் மிகக் குறைவாகவே கரையும். லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரைவதில்லை. ஆகவே நாம் 'கரைசல்' என்று கூறுவது உண்மையில் கரைசல் அன்று. நுண்துகள்கள் நீரில் மிதக்கும் தொங்கல் ஆகும். மட்டையை நனைக்கும் ஒவ்வொரு முறையும் வாளியைக் கலக்கிவிடுவதற்கு இதுவே காரணம். கரைந்தது சிறிதளவேயாயினும் அதன் காரத்தன்மை கடுமையானது, பி.எச். 12-ஐத் தாண்டும். பாசியும் பூஞ்சையும் அதில் பிழைப்பதில்லை. நம் மாணவரின் விரல் நுனியும் பிழைப்பதில்லை. தோலிலுள்ள எண்ணெய்ப் பசையைக் காரம் சவர்க்காரமாக்கிக் கொண்டுபோய்விடுவதால், தோல் உலர்ந்து வெடிக்கின்றது. வேலைக்கு முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்ல பழக்கமே. இரப்பர்க் கையுறை அதனினும் நன்று.

கண் தனிச் செய்தி. மேற்கூரைக்கு அடிக்கும்போது ஒரு துளி கண்ணில் விழுந்தால், அமிலத்தைக் காட்டிலும் காரம் விரைந்து ஆழமாக உட்புகும். அத்துடன் சுண்ணாம்புத் துகள் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து அரிக்கும். பார்வையே போவதற்கு இடமுண்டு. கண்ணைக் கசக்காமல், இமையைப் பிரித்து, தூய நீரை விட்டு விட்டுக் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் செல்லவேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு முதலியவற்றை விடலாகாது. 'காரத்தை அமிலம் நடுநிலையாக்கும்' என்று நாம் வகுப்பில் படித்தது குடுவைக்குரிய பாடம், கண்ணுக்குரியது அன்று. கூரைக்கு அடிப்போர் கண்ணாடி அணிந்து ஏணி ஏறுவதை நாணத்துக்குரியதாகக் கருதவேண்டியதில்லை.

காற்று கல்லாகிறது

இனி மையச் செய்திக்கு வருவோம். சுவரில் பூசிய ஈரச் சுண்ணாம்பிலிருந்து நீர் ஆவியாகிப் போவது முதல் நிகழ்ச்சி. அதனோடு வேலை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்நிலையில் சுவரில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு தூள். அது சும்மா படிந்துள்ளதேயன்றிப் பிணைந்தில்லை. பிணைப்பு அதன் பிறகே வரும். காற்றிலுள்ள கரியமில வாயு சுவரின் நுண்துளைகளில் உள்ள ஈரத்தில் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து, மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகின்றது. காளவாயில் இழந்த 44 பங்கை அது காற்றிலிருந்து திரும்பப் பெறுகின்றது. புதிய படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, சுவரின் துளைகளிலும் வேரூன்றுகின்றன. அரியலூரில் கல்லாக இருந்தது, நம் வீட்டுச் சுவரில் மெல்லிய ஏடாக மறுபடியும் கல்லாகிவிடுகின்றது.

இதனை நேரில் காண விரும்புவோர் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கலாம். திறந்து கிடந்த சுண்ணாம்புக் கரண்டகத்தின் மேல் கடினமான ஏடு படிந்திருக்குமே, அதுதான் இந்தக் கல். அடியிலுள்ளது வெண்ணெய் போல் இருக்க, மேலே மட்டும் பொருக்குத் தட்டியிருப்பது காற்றின் வேலை.

இவ்வினைக்கு எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தூய சுட்ட சுண்ணாம்பு முழுவதும் கல்லாக, ஏறத்தாழ 786 கிராம் கரியமில வாயு தேவை. இன்றைய காற்றில் அவ்வாயு பத்து இலட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் முக்கால் கிராம் அளவே அது இருக்கும். எனவே ஆயிரம் கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்று தேவைப்படுகின்றது. பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம், பத்து அடி உயரம் உள்ள ஓர் அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். முப்பது அறைக் காற்றையும் முழுமையாக விழுங்கினால்தான் அந்த ஒரு கிலோ கல்லாகும்! "புழுதி படியும்" என்று சன்னலைச் சாத்தி வைத்த அறையில் வெள்ளை ஏன் கையோடு வருகின்றது என்பது இப்போது விளங்கும். அங்கே சுண்ணாம்பு பட்டினி கிடக்கின்றது.

காற்று மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். முற்றிலும் உலர்ந்த சுண்ணாம்பு கரியமில வாயுவோடு மிக மெதுவாகவே சேரும். துளைகள் நீரால் நிரம்பியிருந்தாலும் வாயு உட்புக வழியில்லை. நனைந்தும் நனையாத ஒரு நிலை வேண்டும். சித்திரை வெயிலில் அடித்த வெள்ளை, சில நிமிடங்களில் 'பளிச்'சென்று உலர்ந்து அழகு காட்டும். பிறகு தூளாக உதிரும். மார்கழியின் கடைசி நாட்களோ இவ்வேலைக்கென்றே அமைந்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும்; மழைக் காலத்தில் படிந்த பாசியை அகற்ற வேண்டிய தேவையும் இருக்கும். பகலில் இதமான வெயில், இரவில் பனி. பகலில் உலர்ந்த சுவர் இரவில் மீண்டும் சற்று ஈரம் பெறுகின்றது. வேதியியல் நூல் கேட்கும் நிலையை நாட்காட்டியே அமைத்துத் தருகின்றது. நம் முன்னோர் இவ்வினையை அறிந்தே போகிக்கு வெள்ளையடித்தனர் என்று நான் வாதிடமாட்டேன். அவ்வாறு கூறுவது மிகையாகும். அறுவடையும் திருநாளும் அப்பருவத்தில் வருகின்றன. மழைக்குப் பின் வீட்டைத் துலக்குவதும் இயல்பு. ஆனால் பலன் கண்ட பழக்கம் நிலைத்துநின்றது என்று சொல்லலாம்.

மட்டை பிடிக்கும் முறை

மேற்கூறிய கொள்கையிலிருந்தே செய்முறை முழுவதையும் வருவித்துக்கொள்ளலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரக் குறிப்பு ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் என்கின்றது. நீற்றியதை 24 மணி நேரம் அப்படியே விட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். பத்து லிட்டர்க் கலவைக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கவேண்டும். ஒரு நாள் ஊறவிடுவது ஏன்? நீறாத சிறு கட்டி ஏதேனும் எஞ்சியிருந்தால், அது சுவரில் ஏறிய பிறகு மெல்ல நீறி உப்பிச் சிறு பள்ளமாகத் தெறிக்கும். காலையில் நீற்றி மாலையில் அடிப்போர் வீட்டுச் சுவரில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தோன்றுவது இதனால்தான்.

கோந்தின் இடத்தில் வடித்த கஞ்சியைச் சேர்ப்போரும் உண்டு. ஓரளவு பிடிப்பைத் தரும். உப்புச் சேர்ப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக் கல்லாவதற்கு உதவும் என்பது மெய்யே. ஆனால் ஓதம் ஏறும் சுவரில் அதுவே பின்னாளில் பூத்து வெளியே வரும். அடிச்சுவர் ஈரம் காணும் வீடுகளில் உப்பு வேண்டாம் என்பது என் கருத்து.

கடையில் பையில் கிடைக்கும் நீற்றிய தூளை வாங்குவோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சிறிது தூளில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால், நல்ல சுண்ணாம்பு அவ்வளவாக நுரைக்காது. 'புசுபுசு'வென்று நுரை பொங்கினால், அது கடையிலேயே காற்றுப்பட்டுக் கல்லாகிவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு கரைத்து அடித்தாலும் சாக்குக் கட்டித் தூளை அப்பியது போலத்தான் நிற்கும்.

சுவரைப் பெருக்கி, பழைய பொருக்குகளைச் சுரண்டி, அடுக்களைக் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவிவிடவேண்டும். பிசுக்கின்மேல் படிகம் வேர்விடாது. அடிப்பதற்குமுன் சுவரில் நீர் தெளித்தல் இன்றியமையாதது. உலர்ந்த சுவர் சுண்ணாம்பிலுள்ள நீரை உறிஞ்சிக் குடித்துவிடும். தாழை விழுதை நசுக்கிக் கட்டிய மட்டையாயினும் சரி, கடைத் தூரிகையாயினும் சரி, மேலிருந்து கீழ் ஓர் இழுப்பு, கீழிருந்து மேல் ஓர் இழுப்பு. அது உலருமுன் வலமிருந்து இடமும் இடமிருந்து வலமும். இவ்வளவும் சேர்ந்தது ஒரு பூச்சு. புதுச் சுவருக்கு மூன்று பூச்சு வேண்டும்.

இளைஞர்கள் பெரும்பாலும் இடறுவது பூச்சின் கனத்தில். மட்டையால் இழுத்த இடம் ஈரமாக இருக்கும்போது அடியிலுள்ள கறை அப்படியே தெரியும். "ஒன்றும் ஏறவில்லையே" என்று மீண்டும் மீண்டும் அப்புவர். ஈரச் சுண்ணாம்பு ஊடுருவித் தெரிவது இயற்பியல் விதி. சுண்ணாம்புத் துகளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6; அதனைச் சூழ்ந்த நீரின் எண் 1.33. இரண்டுக்கும் வேறுபாடு குறைவாதலால் ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே சென்றுவிடுகின்றது. நீர் போய் அவ்விடத்தில் காற்று புகுந்ததும் வேறுபாடு பெருகி, ஒளி எல்லாத் திசையிலும் சிதறி, வெண்மை பிறக்கின்றது. ஆகவே மாலையில் ஏமாற்றமளித்த சுவர் காலையில் வெளுத்துச் சிரிக்கும். இதை அறியாமல் கனமாக அப்பினால், மேற்புறம் கல்லாகி வாயுவின் வழியை அடைத்துவிடும். உட்புறம் தூளாகவே நிற்கும். பின்பு ஏடு ஏடாகக் கழன்று விழும். மெல்லிய மூன்று பூச்சு, தடித்த ஒரு பூச்சுக்கு ஒருபோதும் ஈடாகாது; மேலானதாகும்.

ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டால், ஊறல் நாளையும் சேர்த்து நான்கு நாட்கள் ஆகின்றன. போகிக்கு முந்திய நாள் மாலையில் சுண்ணாம்பு வாங்கப் புறப்படுவோருக்கு இக்கணக்கு உவப்பாக இராது. சனியன்று நீற்றி, ஞாயிறன்று முதற்பூச்சை முடித்து, மற்ற இரண்டையும் அடுத்த இரு மாலைகளில் அறை அறையாக அடித்தல் இயலக்கூடிய ஏற்பாடு.

நீலமும் காவியும் மஞ்சளும்

வெள்ளையில் ஏன் நீலம் கலக்கிறோம்? சுண்ணாம்பில் கலந்துள்ள இரும்பின் சாயையால் அது சற்று மஞ்சள் காட்டும். நீலம் அம்மஞ்சளை ஈடுசெய்ய, கண் அதைத் தூய வெண்மை என்று கொள்கின்றது. உண்மையில் நீலம் கலந்த சுவர் முன்னைவிடக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புகின்றது. ஆயினும் வெண்மையாகத் தோன்றுகின்றது! கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டியதில்லை. மிஞ்சினால் மருத்துவமனைச் சுவர் போலாகிவிடும்.

எந்த நீலமும் இதற்கு உதவாது. பிரஷ்ய நீலத்தைக் கலந்தால் காரம் அதனைச் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும். வெள்ளைக்கு இடும் நீலம் அல்ட்ராமரின். காரத்துக்கு அசையாது, அமிலத்தில் அழிந்துவிடும். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து பதக்சான் மலைகளில் கிடைக்கும் வைடூரிய நீலக்கல்லை அரைத்தே இதனைப் பெற்றனர். ஐரோப்பிய ஓவியர்களுக்கு அது பொன்னுக்கு நிகரான பொருளாக இருந்தது. 1820-களின் பிற்பகுதியில் பிரான்சில் கிமேயும் ஜெர்மனியில் மெலினும் அதனைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டனர். அரசர்களின் ஓவியங்களுக்கு உரியதாயிருந்த நிறம், அதன்பின் சலவைக்காரர் தொட்டிக்கும் நம் வாளிக்கும் வந்து சேர்ந்தது.

காவி இரும்பு ஆக்சைடு; காரமும் வெயிலும் அதனை ஒன்றும் செய்யா. கோயில் மதிலின் செம்பட்டைகள் ஆண்டுக்கணக்கில் நிறம் மாறாமல் நிற்பது இதனால்தான். மஞ்சள் தூளோ நேர்மாறு. புதுச் சுண்ணாம்பு பட்ட நிலைப்படியில் மஞ்சள் பூசினால், அது சிவந்துபோகும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் சிவக்கும் இயல்புடையது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாவதும் ஆரத்தித் தட்டு சிவப்பதும் இதே வினையால்தான். ஆய்வுக்கூடத்தில் காட்டித் தாளை வாங்குவதற்குக் காசில்லாவிட்டால் அடுக்களையில் மஞ்சள் உண்டு.

டப்பா வண்ணங்கள்

சுண்ணாம்பை ஒழித்துவிட்டுப் பளபளப்பான பிளாஸ்டிக் வண்ணம் அடிக்கலாமா என்பது இன்று பல வீடுகளில் விடுமுறை விவாதம். சிமெண்டுப் பூச்சுள்ள, ஓதம் ஏறாத புது வீட்டுக்கு அடிக்கலாம், தடையில்லை. கழுவித் துடைக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டின் கதை வேறு. அச்சுவர் தரையிலிருந்து நீரை உறிஞ்சி, முகப்பின் வழியே ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதற்குத் தடையாவதில்லை. பிளாஸ்டிக் ஏடு அவ்வழியை அடைத்துவிடுகின்றது. ஈரம் ஏட்டின் பின்னே தேங்கி, உப்பைக் கொண்டுவந்து சேர்த்து, கொப்புளமாக எழும்பி, இரண்டொரு மழைக்காலத்தில் காரையோடு பொரிந்து விழுகின்றது. "வண்ணம் மட்டம்" என்று கடைக்காரரோடு சண்டையிடுகின்றனர். பல வீடுகளில் குற்றம் வண்ணத்தில் இல்லை. கடன் வாங்கி வண்ணமடித்த வீட்டில் மறு ஆண்டே காரை விழுவது சிறிய துன்பம் அன்று. தாத்தா காலத்து வீட்டில் இருப்போர் இவ்விடுமுறையில் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

பழைய கதவு, சன்னல் கம்பிகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய எனாமல் வண்ணங்களில் காரீயச் சேர்மங்கள் இருந்தன. இரும்புக் கம்பிகளுக்கு அடிப்பூச்சாகச் செந்தூரம் பூசுவதும் உண்டு. அதுவும் காரீய ஆக்சைடே. இந்திய அரசு 2016-இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று வரையறுத்தது. அதற்கு முந்திய பூச்சுகள் நம் கதவுகளில் இன்னும் இருக்கின்றன. உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் அத்தூள் காற்றில் கலந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குச் செல்லும். வளரும் மூளைக்குக் காரீயம் நஞ்சு. நீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் போகி நெருப்பில் போடாமல் கட்டி அப்புறப்படுத்தவேண்டும். உரித்த பழைய வண்ணப் பலகைகளையும் போகியில் எரிக்கலாகாது.

ஒரு சோதனை

அடுத்த விடுமுறையில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று கூறுகிறேன். துறையில் கேட்டால், பினாப்தலீன் கரைசல் சிறு துளிப்புட்டியில் தருவோம். வெள்ளையடித்த மறுநாள் தொடங்கி, நாளுக்கு ஒருமுறை, ஒரே சுவரில் நகத்தளவு இடத்தைச் சுரண்டி, தூளை வெள்ளைப் பீங்கானில் இட்டு ஒரு சொட்டு விடுக. ஹைட்ராக்சைடாக உள்ளவரை அடர்ந்த இளஞ்சிவப்பு தோன்றும். கல்லாகக் கல்லாக நிறம் வெளிறிக்கொண்டே வரும். சன்னல் திறந்த அறையொன்றிலும், அடைத்த அறையொன்றிலும், வெயில் அடிக்கும் வெளிச்சுவரிலும் தனித்தனியே பார்த்துத் தேதியோடு குறித்து வருக. அடித்தபின் மாலைதோறும் நீர் தெளித்த சுவர் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்று. எந்தச் சுவர் எத்தனை நாளில் நிறம் இழந்தது என்னும் அட்டவணையை விடுமுறை முடிந்து வரும்போது கொண்டுவருக. இரண்டாமாண்டுச் செய்முறை வகுப்பின் முதல் நாளில் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.